இறக்குமதிக் காவலர்களும் உள்ளூர் வண்ணத்துப்பூச்சிகளும்

பொறிவண்டைக் கண்டு முகம் சுளிக்கும் உழவர் எவரும் இல்லை. அசுவினி அப்பிய அவரைக்கொடியில் நாலைந்து பொறிவண்டுகள் ஊர்ந்தால், ‘மருந்தடிக்க வேண்டாம், ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று சொல்கிற அனுபவசாலிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் பிழையில்லை. ஆனால், அது எந்தப் பொறிவண்டு, எங்கிருந்து கொண்டுவரப்பட்டது, அசுவினி தீர்ந்த பிறகு அது எதைத் தின்னும் என்ற கேள்விகளைக் கேட்காமல் விட்ட ஒரு நாட்டின் அனுபவம் நமக்குப் பாடமாகக் கிடைக்கிறது.

சீனா, ஜப்பான், கொரியா, சைபீரியா ஆகிய பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது ‘ஹார்மோனியா அக்சிரிடிஸ்’ என்ற பொறிவண்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு எனப் பல நிறங்களில் தோன்றுவதால் அதை ஆசியப் பலவண்ணப் பொறிவண்டு என்கிறார்கள். அசுவினியைத் தின்பதில் அதற்கு இணை குறைவு. அமெரிக்கா 1916ஆம் ஆண்டிலேயே கலிஃபோர்னியாவில் இதை வெளியிட்டுப் பார்த்தது, வேரூன்றவில்லை. அதன் பின்னும் பல மாநிலங்களில் பல முறை முயன்றார்கள். 1988இல் லூசியானாவில் அது நிலைகொண்டுவிட்டது தெரியவந்தது. வேண்டுமென்றே விடப்பட்டதன் வழிவந்ததா, கப்பல் சரக்கோடு வந்திறங்கியதா என்ற விவாதம் அறிவியலாளர்களிடையே நெடுநாள் நீடித்தது. எப்படியாயினும், சில ஆண்டுகளுக்குள் அது கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கில் வீடுகளின் சுவர் இடுக்குகளில் புகுந்தது. திராட்சைக் குலைகளோடு சேர்ந்து நசுங்கி ஒயினின் மணத்தைக் கெடுத்தது. இவையெல்லாம் மனிதருக்குத் தொல்லை, உடனே செய்தியாயின. வயலோரத்தில் நடந்த மற்றொன்று அவ்வளவு எளிதில் கண்ணில் படவில்லை.

வயலுக்குள் வாழ்ந்த மன்னர்

வட அமெரிக்காவின் புகழ்பெற்ற மொனார்க் வண்ணத்துப்பூச்சி மெக்சிகோவின் மிச்சோகான் மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் வடக்கே புறப்பட்டு, தலைமுறை தலைமுறையாக முட்டையிட்டுக்கொண்டே கனடா வரை செல்லும் உயிரினம். அதன் புழுவுக்கு மில்க்வீட் எனப்படும் செடியைத் தவிர வேறு உணவில்லை. கீறினால் பால் வடியும் இச்செடி, நம் எருக்கின் நெருங்கிய உறவு.

இந்த வண்ணத்துப்பூச்சியைக் காட்டுயிர் என்று நினைப்பதே வழக்கம். உண்மையில் அது பெருமளவுக்கு ஒரு விளைநில உயிரினம். அயோவா, மின்னசோட்டா போன்ற மத்திய மேற்கு மாநிலங்களின் மக்காச்சோள வயல்களிலும் சோயாபீன்ஸ் வயல்களிலும் களையாக முளைத்த மில்க்வீட்தான் அதன் முக்கியமான தொட்டில். வயலுக்குள் இருந்த ஒரு செடியில், வயலுக்கு வெளியே இருந்த செடியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு முட்டைகள் இடப்பட்டதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்ற சோயா 1996இலும், மக்காச்சோளம் 1998இலும் சந்தைக்கு வந்தன. பயிருக்கு மேலேயே கிளைஃபோசேட் தெளிக்கலாம் என்றானதும் வயலுக்குள் இருந்த மில்க்வீட் துடைக்கப்பட்டது. 1999 முதல் 2010 வரை மத்திய மேற்குப் பகுதியில் மில்க்வீட் 58 விழுக்காடும், அங்கே உருவாகும் மொனார்க் எண்ணிக்கை 81 விழுக்காடும் குறைந்ததாக ஜான் பிளசன்ட்ஸ், கேரன் ஓபர்ஹவுசர் ஆகியோரின் ஆய்வு 2013இல் மதிப்பிட்டது. மெக்சிகோவில் இவை அடர்ந்து தங்கும் காட்டின் பரப்பு 1996-97 குளிர்காலத்தில் ஏறத்தாழ 18 ஹெக்டேர், 2013-14இல் 0.67 ஹெக்டேர், 2023-24இல் 0.9 ஹெக்டேர். அடுத்த ஆண்டு 1.79 ஹெக்டேராகச் சற்றே மீண்டது. அழியும் அபாயத்தை நோக்கிச் செல்லும் உயிரினமாக இதை அறிவிக்கலாம் என்று அமெரிக்க மீன், வனவிலங்குப் பணித்துறை 2024 டிசம்பரில் முன்மொழிந்தது.

ஆக, முதல் குற்றவாளி பொறிவண்டு அன்று. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வண்ணத்துப்பூச்சிகளின் வீழ்ச்சிக்கு அயல் பூச்சிகள் மேல் மொத்தப் பழியையும் போட்டால், களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் விற்பவர்களுக்குத்தான் அது வசதி. இருந்தாலும், வீழ்ந்துகொண்டிருக்கும் ஓர் உயிரினத்தின் மேல் இரண்டாவதாக விழும் சுமை, செழித்திருக்கும் உயிரினத்தின் மேல் விழும் அதே சுமைக்குச் சமம் ஆகாது.

அசுவினி தீர்ந்த பிறகு

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் காக் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. ஆசியப் பொறிவண்டின் புழுவுக்கும் வளர்ந்த வண்டுக்கும் மொனார்க்கின் முட்டையையும் முட்டையிலிருந்து அப்போதே வெளிவந்த குஞ்சுப்புழுவையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் தின்றன. வயலில் வலைக்கூண்டு அமைத்துச் சோதித்தபோதும் வண்டு இருந்த கூண்டில் மொனார்க் புழுக்கள் குறைவாகவே தப்பின. மில்க்வீட்டின் பாலில் உள்ள இதய நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொண்டு பறவைகளை விரட்டும் வண்ணத்துப்பூச்சி இது. அந்தக் கவசம் இந்த வண்டிடம் முட்டைப் பருவத்துக்குப் போதுமான காவலாக அமையவில்லை.

அடுத்து அவர்கள் கேட்ட கேள்விதான் முக்கியம்: அசுவினியும் மொனார்க் புழுவும் ஒரே செடியில் இருந்தால் வண்டு எதைத் தேர்ந்தெடுக்கும்? ஆய்வகத்தில் அசுவினி உடனிருந்தபோது புழுக்கள் தின்னப்படுவது குறைந்தது. ஆறுதல் தரும் முடிவுபோலத் தோன்றும். ஆனால் அதே முடிவை மறுபக்கத்திலிருந்து படித்தால், ஆபத்து எப்போது கூடும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. வயலில் அசுவினி பெருகும்போது வண்டும் பெருகுகிறது. அசுவினி திடீரெனச் சரிந்தால், பெருகிய வண்டுக் கூட்டம் பசியோடு வயல் ஓரங்களுக்கு இறங்குகிறது. களைக்கொல்லிக்குத் தப்பிய மில்க்வீட் நிற்பதும் அந்த ஓரங்களில்தான்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2000ஆம் ஆண்டில் சோயா அசுவினி என்ற மற்றோர் ஆசியப் பூச்சி அமெரிக்காவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அது குளிர்காலத்தைக் கழிப்பதோ ஐரோப்பாவிலிருந்து வேலிச்செடியாகக் கொண்டுவரப்பட்ட பக்தார்ன் புதரில். ஐரோப்பியப் புதர் அசுவினியைத் தாங்குகிறது. ஆசிய அசுவினி ஆசியப் பொறிவண்டை ஊட்டி வளர்க்கிறது. வளர்ந்த பொறிவண்டு உள்ளூர்ப் பூச்சிகளின் மேல் பாய்கிறது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்தோடு வந்த அயலார் மூவர் ஒருவருக்கொருவர் துணையாகிவிட்டார்கள். எந்த ஓர் இனத்தையும் தனியே சோதித்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மொனார்க் முட்டைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே வண்ணத்துப்பூச்சியாகின்றன. எறும்பும் சிலந்தியும் எப்போதும் தின்றுகொண்டுதான் இருக்கின்றன, இன்னொரு வண்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஓர் எதிரி தின்றது இன்னோர் எதிரி தின்றிருக்கக்கூடியதே என்றால் மொத்த இழப்பு கூடாது. அப்படியில்லாமல், தப்பியிருக்கக்கூடிய பத்தில் ஒன்றிரண்டைப் புதிய எதிரி எடுத்துக்கொண்டால், அந்த ஒன்றிரண்டுதான் அடுத்த தலைமுறை. இதைக் கணக்கிட வேண்டுமானால் வண்டும் முட்டையும் எந்த இடத்தில், எந்த வாரத்தில் சந்திக்கின்றன என்ற தரவு வேண்டும். மின்னசோட்டா குழு 2006இல் அத்தகைய இடர் மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது. கவனிக்க வேண்டியது ஆண்டுகளை: வண்டு நிலைகொண்டது 1988இல், கணக்குப் போட்டது 2006இல்.

ஐரோப்பாவில் இதே வண்டு வணிகச் சரக்காக விற்கப்பட்டது. பிரிட்டனை 2004இல் எட்டியது. அது வந்த ஐந்தாண்டுகளில் இருபுள்ளிப் பொறிவண்டு என்ற உள்ளூர் இனம் பிரிட்டனில் 44 விழுக்காடும் பெல்ஜியத்தில் 30 விழுக்காடும் சரிந்தது.

ஒரு ஈயும் ஒரு குளவியும்

இத்தகைய கதைகளில் ஆசியப் பொறிவண்டு முதலாவதன்று. ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி என்று இப்போது அழைக்கப்படும், மரங்களை மொட்டையடிக்கும் ஐரோப்பியப் பூச்சியை ஒழிப்பதற்காக 1906 முதல் அமெரிக்காவில் ‘காம்சிலூரா’ என்ற ஒட்டுண்ணி ஈ விடப்பட்டது. அந்துப்பூச்சிக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை. ஈக்கோ மூன்று, நான்கு. அப்படியானால் மீதித் தலைமுறைகள் எதில் வளரும்? தாளில் பென்சிலால் கூட்டிப் பார்த்தாலே எழுந்திருக்க வேண்டிய கேள்வி இது. விடை, வேறு புழுக்களில். 180க்கும் மேற்பட்ட இனங்களை அந்த ஈ தாக்குவது பதிவாகியிருக்கிறது. மாசசூசெட்ஸில் 2000இல் வெளியான ஆய்வொன்றில், திறந்தவெளியில் வைக்கப்பட்ட 500 செக்ரோப்பியா பட்டு அந்துப்பூச்சிப் புழுக்களில் ஒன்றுகூட முழு வளர்ச்சியைத் தாண்டவில்லை. இளம்பருவச் சாவுகளில் பெரும்பங்கு இந்த ஈயால் நேர்ந்தது. கைக்கு அடங்காத பெரிய சிறகுகளோடு இரவில் விளக்கைத் தேடிவரும் அந்தப் பட்டுப்பூச்சிகள் ஏன் அருகிவிட்டன என்று மக்கள் பல பத்தாண்டுகளாக வியந்துகொண்டிருந்தார்கள்.

முட்டைக்கோஸ் வண்ணத்துப்பூச்சியை ஒடுக்க 1884இல் இங்கிலாந்திலிருந்து ‘கோடேசியா குளோமெராட்டா’ என்ற குளவி அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அது அதே குடும்பத்தைச் சேர்ந்த உள்ளூர் வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்றையும் தாக்கியது. நியூ இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து அந்த இனம் பின்வாங்கியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1988இல், சீனாவிலிருந்து ‘கோடேசியா ருபெகுலா’ என்ற மற்றொரு குளவி மாசசூசெட்ஸில் விடப்பட்டது. இது முட்டைக்கோஸ் வண்ணத்துப்பூச்சியை மட்டுமே பெரிதும் நாடுவது. நாளடைவில் பழைய குளவியை இது பல இடங்களில் இடம்பெயர்த்துவிட்டது. இரண்டும் இறக்குமதிதான், இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவைதான். ஒன்று பலவற்றைத் தின்னும், மற்றது ஒன்றையே தேடும். எனவே, ‘அயல் பூச்சியே வேண்டாம்’ என்ற முழக்கம் இங்கே உதவாது.

நம் பக்கத்துக் கணக்கு

தமிழகத்துக்கு இது அந்நியமான விவாதமும் அன்று. காப்பியைத் தாக்கிய பச்சைச் செதில் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து ‘கிரிப்டோலீமஸ்’ என்ற பொறிவண்டு இந்தியாவுக்கு வந்தது 1898இல். வந்த வேலையில் பெரிதாகச் சோபிக்கவில்லை. மாவுப்பூச்சியைத் தின்று இங்கேயே தங்கிவிட்டது. இன்றும் அதை வளர்த்து வயல்களில் விடுகிறார்கள். 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என எல்லாவற்றையும் வெள்ளையாகப் போர்த்தியது பலருக்கும் நினைவிருக்கும். மருந்தடித்து மாளாத அந்தப் பூச்சியை அடக்கியது, 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட ‘அசரோஃபாகஸ் பப்பாயே’ என்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறிய குளவி. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மரவள்ளியை நாசமாக்கியபோது, ஆப்பிரிக்காவைப் பஞ்சத்திலிருந்து காத்த ‘அனகைரஸ் லோபேசி’ குளவி பெனின் நாட்டிலிருந்து பெறப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

இந்தக் குளவிகள் வண்ணத்துப்பூச்சியின் புழுவைத் தொடுவதில்லை. மாவுப்பூச்சிக்குள் மட்டுமே முட்டையிடும் உடலமைப்பு அவற்றுக்கு. இறக்குமதியைத் திட்டமிட்டவர்கள் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு இவை நல்ல சான்றுகள். பல்லாயிரம் லிட்டர் நஞ்சு தெளிக்கப்படாமல் போனதால் பிழைத்த வண்ணத்துப்பூச்சிகளையும் இந்தக் கணக்கின் வரவில் எழுத வேண்டும்.

ஆனாலும் ஒரு சின்ன உதாரணம் என்னை உறுத்துகிறது. நம் ஊரில் ‘ஸ்பால்ஜிஸ் எபியஸ்’ என்றொரு சிறிய சாம்பல்நிற வண்ணத்துப்பூச்சி உண்டு. அதன் கூட்டுப்புழு பார்ப்பதற்குக் குரங்கின் முகம்போல இருக்கும். வண்ணத்துப்பூச்சி என்றால் இலை தின்னும் புழு என்றுதான் நமக்குப் பழக்கம். இதன் புழுவோ மாவுப்பூச்சியைத் தின்று வளர்வது. பப்பாளி மாவுப்பூச்சி பெருகியபோதும் இது தேடிவந்து தின்றது. கூலி வாங்காத உள்ளூர்க் காவலர் என்று இதைச் சொல்லலாம். இறக்குமதிக் காவலர்கள் இதன் புழுவைத் தாக்காமல் இருக்கலாம், இதன் சோற்றில் பங்கு கேட்கிறார்கள் அல்லவா? கிரிப்டோலீமஸ் விடப்படும் தோட்டங்களில் இந்த வண்ணத்துப்பூச்சி கூடுகிறதா, குறைகிறதா என்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்ப்பது எந்த வேளாண் திட்டத்தின் இலக்கிலும் இடம்பெறுவதில்லை. திட்டத்தின் வெற்றி, பூச்சி எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதோடு முடிந்துவிடுகிறது.

நம் வரப்புகளில் நிற்கும் எருக்கைப் பாருங்கள். மொனார்க்கின் உறவினமான வெந்தய வரியன் அதன் இலைக்கடியில் ஒற்றை ஒற்றையாக முட்டை வைக்கிறது. அமெரிக்க மில்க்வீட்டில் மொய்க்கும் அதே மஞ்சள் அசுவினி எருக்கின் குருத்திலும் மொய்க்கிறது. அதைத் தின்ன நம் உள்ளூர்ப் பொறிவண்டுகள் வருகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாக ஒன்றையொன்று பார்த்துப் பழகியவை இவை. ஹார்மோனியா அக்சிரிடிஸ் போலப் பெருந்தீனிப் பழக்கமும் வேகமான பெருக்கமும் கொண்ட ஓர் அயல் இரைவிழுங்கி இங்கே நிலைகொண்டால், மத்திய மேற்கு அமெரிக்காவின் காட்சி அப்படியே எருக்கஞ்செடியில் அரங்கேறுவதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது. களையெடுக்க ஆள் கிடைக்காமல் வரப்புக்கும் களைக்கொல்லி தெளிக்கும் வழக்கம் பெருகிவருவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் இரு முனைகள்

வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பூச்சியைக் கொண்டுவர, 2003ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்பு ஆணையின்படி மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு ஆலோசகரிடம் அனுமதி பெற வேண்டும். பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தின் தனிமைக் கூடத்தில் வைத்துச் சோதித்த பிறகே அது வெளியே விடப்படுகிறது. இந்த முனை ஓரளவு வலுவானது. மறுமுனைதான் தளர்வு. ரசாயனப் பூச்சிக்கொல்லிக்கும் நுண்ணுயிர்க் கொல்லிக்கும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு தேவை. இரைவிழுங்கிகளுக்கும் ஒட்டுண்ணிகளுக்கும் அந்தப் பதிவு இல்லை. சிறு உற்பத்தியாளர்களும் மகளிர் குழுக்களும் ஒட்டுண்ணி அட்டை தயாரித்து விற்க இந்தத் தளர்வு உதவுகிறது. அதைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் எந்த இனம், எந்த மாவட்டத்தில், எவ்வளவு விடப்பட்டது என்ற பதிவேடு ஒன்று இருப்பதில் எவருக்கும் நட்டமில்லை.

பணமதிப்புள்ள அந்துப்பூச்சி என்றால் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்கிறோம் என்பதற்குப் பட்டுப்புழுவே சாட்சி. வங்கத்திலிருந்து 1980இல் பட்டுக்கூடுகளோடு கர்நாடகத்துக்கு வந்துசேர்ந்த ஊசி ஈ, பட்டுப்புழுவின் மேல் முட்டையிட்டு அதைக் கொல்வது. அமெரிக்காவின் காம்சிலூராவும் இதுவும் ஒரே ஈக்குடும்பம். மாநிலங்கள் அலறின, வளர்ப்பு மனைகளின் சன்னல்களுக்கு வலை கட்டினார்கள், ஊசி ஈயின் கூட்டுப்புழுவைத் தாக்கும் குளவியை வளர்த்து உழவர்களுக்குக் கொடுத்தார்கள். பட்டுப்புழுவுக்கு ஒரு வாரியம் இருக்கிறது, சந்தை விலை இருக்கிறது. எருக்கிலையின் புழுவுக்கு இரண்டும் இல்லை. எலுமிச்சை, கறிவேப்பிலையில் வளரும் எலுமிச்சை அழகியின் நிலை இன்னும் சிக்கல். அது உழவருக்குப் பூச்சி, மற்றவர்களுக்கு அழகு. வண்ணத்துப்பூச்சியைக் காப்போம் என்று பொத்தாம் பொதுவாகப் பேசினால் கறிவேப்பிலை பயிரிடுபவர் சிரிப்பார். எந்த இனம், எந்தச் செடி என்று பெயர் சொல்லிப் பேசினால்தான் உரையாடலே தொடங்கும்.

தமிழகம் 2019இல் ‘தமிழ் மறவன்’ என்ற வண்ணத்துப்பூச்சியை மாநிலச் சின்னமாக அறிவித்தது. அது மலைக்காட்டு இனம், வயலுக்கு வருவதில்லை. நம் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்புகளும் பெரும்பாலும் காடுகளிலும் சரணாலயங்களிலும் நடக்கின்றன. வரப்பிலும் தரிசிலும் கிணற்றடியிலும் என்ன பறக்கிறது என்று ஆர்வலர்கள் சிலர் தம் பொழுதைச் செலவிட்டுக் குறித்துவைப்பதுதான் கையிலிருக்கும் தரவு. அடுத்த அயல் மாவுப்பூச்சியோ வெள்ளை ஈயோ வரத்தான் போகிறது. அதற்கு எதிரியைத் தேடி மீண்டும் ஒரு கண்டத்துக்கு ஆள் அனுப்பத்தான் போகிறோம். அப்போது தனிமைக் கூடத்தின் சோதனைப் பட்டியலில் வெந்தய வரியனின் முட்டையும் ஸ்பால்ஜிஸின் புழுவும் இருக்க வேண்டும். விடப்படும் வயலைச் சுற்றிய வரப்புகளில், விடுவதற்கு முந்தைய ஓராண்டும் பிந்தைய ஐந்தாண்டும் வண்ணத்துப்பூச்சிகளை எண்ண ஆள் வேண்டும். அதற்காகும் செலவு இரண்டு களப்பணியாளர்களின் ஊதியம். முந்தைய ஓராண்டின் எண்ணிக்கையைக் குளவி விடப்பட்ட பிறகு எந்தப் பணத்தாலும் எடுக்க முடியாது.